தெற்கே நின்ற புள்ளி

அஸ்ஸலாமு அலைக்கும் மகன். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை வாசி. வாசித்து முடித்த பிறகு இந்த வாப்பாவோடு இனிக் கதைப்பதா இல்லையா என்பதை நீயே முடிவு செய். எந்த முடிவு எடுத்தாலும் நான் அதில் பிழை பிடிக்க மாட்டேன். பிழை பிடிக்கிற தகுதியை நான் இழந்து இரண்டு வருடமாகிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உனக்குக் கோல் எடுத்தேன் அல்லவா? மக்காவுக்கு உம்ராச் செய்யப் போகிறவன் ஊராரிடம் பயணம் சொல்லி, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு கிழமையாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். வேலித் தகராறில் பத்து வருடம் முகம் பார்க்காமல் இருந்த உன் மாமாவிடம்கூடக் கேட்டேன், அவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எல்லாரையும் முடித்துவிட்டுக் கடைசியாக உனக்கு எடுத்தேன். நீ கட்டாரில் களஞ்சியத்தில் நின்றாய், பின்னால் பெட்டிகளைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஊராருக்குச் சொன்ன அதே வசனத்தை உனக்கும் சொன்னேன். நீ தள்ளி வந்திருக்க வேண்டும், பெட்டிச் சத்தம் குறைந்தது. பிறகு, "நீங்க என்னத்துக்கு வாப்பா என்னட்ட மாப்புக் கேக்கிறீங்க? நான்தான் உங்களிட்டயும் உம்மாட்டயும் கேக்கணும். தம்பியக் கடல்ல விட்டது என்ட கணக்குப் பிழதானே" என்று சொன்னாய்.

சிக்னல் இல்லை என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பள்ளிவாசல் மதிலோரம் அப்படியே குந்திவிட்டேன். அடுத்த நாள் பயண முகவரிடம் போய் உம்ராப் பயணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். கஃபாவைப் பிடித்துக்கொண்டு அழுதாலும், ஒரு மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிக்க மாட்டான் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தது எனக்கு மறக்கவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை மகன். உன் வரைபடம் தெற்கே காட்டியது, தம்பி வடக்கே கிடந்தான். அந்தப் புள்ளியைத் தெற்கே தள்ளி வைத்தவன் நான். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊரடங்குக் காலத்தில் நீ கொழும்புக் கொம்பனி வேலையை வீட்டிலிருந்தே செய்ய வந்தாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். சாமான் கொண்டு வருகிற பையன்கள் எங்கள் ஊர் ஒழுங்கைகளுக்குள் வழி தெரியாமல் சுற்றுவதைப் பார்த்து உனக்குப் பொறுக்கவில்லை. உன் போனில் நம் வீட்டைத் தேடினால் 'பெயரற்ற வீதி' என்று வந்தது. "முப்பதாயிரம் சனம் தலையோட தல முட்டிக்கிட்டு இரிக்கிற ஊரு, மெப்ல பேரில்லயாம்" என்று தம்பி பர்ஹான் கத்திக் கத்திச் சிரித்தான். அடுத்த நாளிலிருந்து அவன் மோட்டார் சைக்கிள் ஓட்ட, நீ பின்னால் இருந்து ஒவ்வொரு ஒழுங்கையாகக் குறித்தாய். எவர் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு பொது வரைபடம் இருப்பதாகவும், அதில் போட்டால் உலகத்துக்கே தெரியும் என்றும் சொன்னாய். இரண்டு மாதத்தில் ஊர் முழுவதும் பெயர் வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கைக்கு என்ன பெயர் போடுவது என்று உனக்கும் தம்பிக்கும் நடந்த சண்டையில் உம்மா அகப்பையோடு வந்து நடுவில் நின்றதை நீ மறந்திருக்க மாட்டாய்.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் உன்னிடம் கேட்டேன். நீ சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் மனப்பாடம். உலகத்து வரைபடத்தைப் பெரிய கொம்பனிகள் வைத்திருக்கின்றன, நாங்கள் அதைக் கட்டி இழுத்து வரத் தேவையில்லை, ஏபிஐ என்று ஒரு யன்னல் இருக்கிறது என்றாய். அந்த யன்னலில், பூமியில் ஓர் இடத்தைக் குறிக்கிற அகலாங்கு, நெட்டாங்கு என்று இரண்டு இலக்கங்களை நீட்டினால் அந்த இடத்தின் படத்தையோ பெயரையோ போகிற வழியையோ எடுத்துத் தருவார்களாம். நீட்டுகிறவன் ஆர் என்று அடையாளம் காண ஒரு சாவி எழுத்தும் இருக்கிறதாம். அவர்கள் தருவதைக் கொண்டு நமக்கு வேண்டியதைக் கட்டுவதுதான் உன் வேலை என்றாய். பிறகு நம் ஊர்ப் படகுகள் கடலில் எங்கே நிற்கின்றன என்று காட்டுகிற செயலியை நீ செய்த முதல் நாள், அந்த இரண்டு இலக்கத்தையும் இடம் மாற்றி நீட்டிவிட்டாய். சில யன்னல்கள் அகலாங்கை முதலில் கேட்கும், சில நெட்டாங்கை முதலில் கேட்கும் என்றாய். எங்கள் சாய்ந்தமருதுப் படகு முழுவதும் வட துருவத்துப் பனிக்கடலில் போய் நின்றது. "நாளைக்குக் கம்பளிச் சட்ட போட்டுட்டுத்தான் வாப்பா கடலுக்குப் போகணும்" என்று தம்பி சொல்ல, நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வீட்டில் நாங்கள் நாலு பேரும் ஒன்றாகச் சிரித்த கடைசிக் காலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உன் செயலி நல்ல செயலி மகன். கடலுக்குள் கொஞ்சத் தூரம் வரைக்கும் சிக்னல் இருக்கும், இல்லாத இடத்தில் போன் இடத்தைச் சேர்த்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பும். ஒரு படகு ஓடாமல் கனநேரம் ஒரே பக்கம் இழுபட்டால் கரையில் மணி அடிக்கும். ஆபத்தென்றால் அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான். இதை மீனவர் சங்கத்தில் காட்டிய நாளில்தான் என் வாய் என்னைக் கெடுத்தது. நீ முதலில் சொன்னது இதுதான்: ஒரு படகு எங்கே நிற்கிறது என்பது அதன் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியும், மற்ற ஒருவருக்கும் தெரியாது, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டும் எல்லாருக்கும் திறக்கும். மீன்பிடிக்கிற இடத்தை ஒளித்து வைப்பது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறியது என்பதை நீ, கடலுக்குப் போகாத நீ, சரியாகக் கணித்திருந்தாய். நான்தான் எழுந்து நின்று, "நமக்குள்ள என்ன ஒளிப்பு மறைப்பு? எல்லாப் படகும் எல்லாருக்கும் தெரியட்டும், அதுதான் ஒற்றும" என்று வாய் கிழியப் பேசினேன். மகன் செய்த சாமான், கூட்டத்துக்கு முன்னால் தகப்பன் பெரிய மனிதனாக நிற்க வேண்டும் என்ற ஆசை. எல்லாரும் கைதட்டினார்கள். சங்கத்துச் சுவரில் ஒரு டீவியை மாட்டினார்கள். அதில் எங்கள் படகுகள் எல்லாம் புள்ளி புள்ளியாக ஓடின. தேத்தண்ணி குடிக்க வருகிறவனெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஊருக்குத்தான் உபதேசம். வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. வடகிழக்கே மருதமுனைக்கு நேரே வெளியில் எனக்கு ஒரு பார் இருந்தது உனக்குத் தெரியும். கடலுக்கு அடியில் கிடக்கிற கற்பாறை, கலவாய் மீனும் பாரை மீனும் அடைந்து கிடக்கிற இடம். மேற்கே தெரிகிற மலையின் உச்சியும் ஒரு பள்ளி மினாராவும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், வடக்கே தண்ணீர்த் தாங்கி இன்னொன்றுக்கு நேரே வர வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரக் கல்லைப் போட்டால் அதுதான் பார். அந்த ஒரு இடத்தை வைத்துத்தான் உன்னைப் படிப்பித்தேன். தம்பிக்கு மட்டும் காட்டியிருந்தேன். டீவியில் எங்கள் புள்ளி அங்கே போய் நின்றால் அடுத்த நாள் இருபது படகு அங்கே நிற்கும். கூட்டத்தில் நான் பேசிய பேச்சைத் திருப்பி விழுங்கவும் முடியவில்லை. உன்னிடம் வந்து, "மகன், நீ முதலில் சொன்ன மாதிரியே மூடிவிடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ ஒரு மணித்தியாலத்தில் செய்து தந்திருப்பாய். பெரிய மனிதன் அல்லவா, எனக்கு வெட்கம்.

சந்தியில் போன் திருத்துகிற ஒருவனிடம் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். இடத்தை மாற்றிக் காட்டுகிற ஆப் ஒன்று இருக்கிறது என்று அவன் சொன்னான். அதைப் போட்டு, வரைபடத்தில் ஒரு இடத்தைத் தொட்டு வைத்தால், போன் அங்கேதான் நிற்பதாக எல்லாருக்கும் பொய் சொல்லும். நான்தான் விரலால் தொட்டேன். தெற்கே, ஒலுவிலுக்கு நேரே வெளியில், ஒருவரும் பெரிதாகத் தேடாத தண்ணீர். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் தம்பி அதை அழுத்த வேண்டும், திரும்பி வருகிற நேரம் நிறுத்த வேண்டும். தம்பி அந்தக் கடையில் வைத்து, அண்ணனான உன்னைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டான். "காக்காக்குத் தெரிஞ்சா என்ன நினைக்கும் வாப்பா?" நான் சள்ளென்று விழுந்தேன். அவனுக்கு ஏன் தெரிய வேண்டும், அவன் கரையில் இருந்து கொம்பியூட்டர் தட்டுகிறவன், அவனுக்குக் கடல் தெரியுமா என்று கேட்டேன். தம்பி, "சரி வாப்பா" என்றான். நான் சொன்ன எதற்கும் அவன் மாட்டேன் என்று சொன்னதில்லை. நீ எதிர்த்துக் கதைப்பாய், அதனால் உன்னில் எனக்குக் கோபம் வரும். அவன் எதிர்த்துக் கதைக்காதது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது இரவு பகலாக அதைத்தான் நினைக்கிறேன். அவனும் உன்னைப்போல என்னோடு ஒரு தரம் சண்டை பிடித்திருந்தால்.

இதற்கு நடுவில் நீ என்னிடம் சொன்ன ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் போனால் இந்தக் கடிதம் பாதிப் பொய்யாகிவிடும். போன் இடத்தைப் பற்றிப் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது, ஒரு வரி எழுதினால் போதும், ஆனால் நீ அதைப் போடவில்லை என்று ஒரு நாள் பகல் சாப்பாட்டின்போது சொன்னாய். ஏன் என்று நான் கேட்டேன். மனதுக்குள் பயந்துகொண்டுதான் கேட்டேன். நீ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "நம்மட ஆக்கள் ஏன் வாப்பா நம்மளிட்டப் பொய் சொல்லப் போறாங்க?" என்றாய். தம்பி தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். நான், "ஓம், அதுதானே" என்றேன்.

மேற்கே கரையிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதம். தம்பியும், எங்கள் படகில் அவனோடு தொழிலுக்குப் போகிற ஹனீபா மாமாவும் விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டுப் போனார்கள். பத்து மணி இருக்கும், சங்கத்து டீவியில் எங்கள் புள்ளி சிவப்பாகி மணி அடித்தது. கரைக்காற்று திடீரென்று பலத்து, இஞ்சினும் நின்று, படகு கவிழ்ந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அந்தர அவசரத்தில் பொத்தானை அழுத்தவே தம்பிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. பொய் இடத்தை நிறுத்த நேரம் கிடைக்கவில்லை, அல்லது அவனுக்கு நினைவு வரவில்லை. புள்ளி தெற்கே நின்றது. நீ வீட்டிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தாய். பன்னிரண்டு படகு தெற்கே போக வெளிக்கிட்டது. நேவிக்கும் அந்த இலக்கத்தைத்தான் கொடுத்தாய்.

எனக்குத் தெரியும் மகன். அந்த நேரமே எனக்குத் தெரியும். நான் அங்கே நூறு பேருக்கு நடுவில் நின்றேன், கூட்டத்தில் ஒற்றுமை பற்றிப் பேசிய அதே நூறு பேர். வாயைத் திறந்து, "அது பொய் இடம், வடக்கே போங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு படகை இரவல் எடுத்துக்கொண்டு நானே வடக்கே போனேன். பாருக்கு நேரே போனால் இரண்டு பேரும் படகைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள், ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வராது என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனேன். மலையையும் மினாராவையும் நேர் பிடித்துப் பாரில் போய் நின்றேன். அங்கே ஒன்றும் இல்லை. காற்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. தனிப் படகில் ஒருவன் அந்தக் கடலில் எதைத் தேட முடியும்? பின்னேரம் அஸர் நேரத்துக்கு எண்ணெய் முடிகிற நிலையில் திரும்பி வந்தேன்.

கரையில் நீ மடியில் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு மணலில் இருந்தாய். உன்னிடம் வந்து, வடக்கேயும் நாலு படகை அனுப்பினால் என்ன என்று கேட்டேன். நீ நிமிர்ந்து பார்த்து, "வாப்பா, மெப் தெற்கதான் காட்டுது. நீங்க பதறாதீங்க. எல்லாரையும் பிரிச்சி அனுப்பினா தம்பியப் பிடிக்க ஏலாமப் போயிரும்" என்றாய். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக என் கையைப் பிடித்தாய். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லியிருக்கலாம். இன்னும் வெளிச்சம் இருந்தது. பன்னிரண்டு படகும் வடக்கே திரும்பியிருக்கலாம். நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த எல்லாப் பிழையையும் ஒரு தட்டில் போட்டு, அந்த ஒரு நிமிடத்தை மற்றத் தட்டில் போட்டால் அதுதான் கனக்கும்.

அடுத்த நாள் காலையில் பாண்டிருப்புப் படகொன்று தற்செயலாக அவர்களைக் கண்டது. ஹனீபா மாமாவுக்கு உயிர் இருந்தது. தம்பி ஸுபஹ் வரைக்கும் கதைத்துக்கொண்டிருந்தானாம், பிறகுதான் கை விட்டதாம், மாமா அவனைக் கயிற்றால் படகோடு கட்டி வைத்துக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரியில் மாமா எல்லாருக்கும் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "பயப்பட வேணாம் மாமா, நாங்க எங்க எண்டு வாப்பாக்குத் தெரியும், வாப்பா வருவாரு எண்டு விடிய விடியச் சொல்லிக்கிட்டே இருந்தான்" என்றார். கேட்டவர்கள் எல்லாம் தகப்பன் மீது பிள்ளை வைத்த நம்பிக்கையைப் பார் என்று அழுதார்கள். நீயும் அழுதாய். அவன் சொன்னது அப்படியே உண்மை என்று அந்த வார்ட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் போன் கடலோடு போய்விட்டது என்று உனக்குச் சொன்னேன். அதுவும் பொய். கரைக்கு இழுத்து வந்த படகில், கவிழ்ந்தபோது அவர்கள் கை எட்டாதபடி தண்ணீருக்குள் கிடந்த முன் அணியத்தில், தண்ணீர் போகாத பையில் கட்டியபடியே இருந்தது. நீ அதை மூன்று தரம் கேட்டாய், உள்ளே பதிந்திருப்பதைப் பார்த்தால் எங்கே பிழைத்தது என்று தெரியும் என்றாய். நான் அலுமாரிக்குள் காணி உறுதிகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். ஜனாஸா அடக்கிய பிறகு நீ நாற்பது நாள் உன் கணக்கைக் கிண்டினாய். எங்கள் புள்ளி கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரே பாய்ச்சலாகத் தெற்கே பாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாய். போன் தெற்கே இருக்கிற டவரைப் பிடித்திருக்கிறது, டவர் சொன்ன இடத்தை என் கணக்குச் சரியென்று எடுத்துவிட்டது, அதை நான் தடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாய். அதை எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டே சுவரில் தலையை வைத்து அழுதாய். நான் பக்கத்தில் இருந்து உன் முதுகைத் தடவினேன். பிறகு சங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாய். டீவியைக் கழற்றினார்கள். கொழும்பு வேலையை விட்டாய். வரைபடத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, படித்த படிப்பையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கட்டாரில் பெட்டி எண்ணப் போனாய். உம்மா இரண்டு இடத்தில் பெண் பார்த்தாள், எனக்கெல்லாம் என்னத்துக்குக் கலியாணம் என்று சொல்லிவிட்டாய். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, உம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லத்தான் தைரியம் வேண்டும் என்று நினைத்திருந்தேன், அதைத் திருப்பி எடுக்க அதைவிட எத்தனை மடங்கு வேண்டும் என்று தெரியாமல் போய்விட்டது.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் உன் வேலை சம்பந்தமாக இரண்டு வார்த்தை சொல்ல விடு, ஏனென்றால் அதை என்னைவிட ஒருவனும் விலை கொடுத்துப் படித்திருக்க மாட்டான். நீ மறுபடியும் ஒரு நாள் இந்த வேலைக்குத் திரும்பினால், திரும்ப வேண்டும் என்றுதான் கேட்கிறேன், நல்லவர்களை நினைத்து அதைக் கட்டாதே. என்னை நினைத்துக் கட்டு. சபையில் ஒன்றைப் பேசி வீட்டில் இன்னொன்றைச் செய்கிற ஆட்கள் எந்தக் கரையிலும் இருப்பார்கள். போன் பொய் சொல்கிறதா என்று பார்க்கிற அந்த ஒரு வரியைப் போடு, போடும்போது எங்களை அவமதிப்பதாக நினைக்காதே. இன்னொன்று, மறைக்க நினைக்கிறவனுக்கு நேர்மையாக மறைக்க ஒரு வழியை வைத்துக் கொடு. நீ முதலில் சொன்னதுதான் சரி: இடம் மூடியே இருக்கட்டும், உயிர் போகிற நேரத்தில் மட்டும் தானாகத் திறக்கட்டும். எங்கள் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, ஒரு கற்பாறைக்காகப் பயந்தவர்கள். அந்தப் பயத்துக்கு உன் கணக்கில் ஒரு இடம் இருந்தது. நான்தான் கைதட்டலுக்காக அதை அழித்தேன். பெரிய வாயோடு எழுந்து நிற்கிற ஒருவன் சொன்னான் என்பதற்காக, நீ யோசித்துச் செய்த ஒன்றை இனி ஒருநாளும் மாற்றாதே. அந்த ஒருவன் உன் வாப்பாவாக இருந்தாலும்.

அந்தப் போனை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். சனிக்கிழமை கட்டாருக்குப் போகிற நம் பக்கத்து வீட்டு மருமகன் கொண்டு வந்து உன் கையில் தருவார். சார்ஜ் போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. அந்த ஆப்பும், நான் தொட்ட இடமும் அப்படியே இருக்கின்றன. வாப்பா உன்னைத் தேற்றுவதற்காகப் பழியைத் தன் தலையில் போடுகிறார் என்று நீ நினைப்பாய், நீ அப்படிப்பட்ட பிள்ளை. அதனால் என் பேச்சை நம்பாதே, திறந்து நீயே பார். இது உன் கைக்கு வந்து சேர்ந்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்று இதையே சொல்லப் போகிறேன். ஊர் காறித் துப்பட்டும். உனக்கும் உம்மாவுக்கும் முதலில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அதுவரை பொறுத்திருக்கிறேன். இதை எழுதி நான் உன்னிடம் மாப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே தந்துவிடுவாய், அதுவும் எனக்குத் தெரியும். நீ தராமல் வைத்துக்கொள். முதலில் உன்னை நீ மன்னித்துவிடு.

உம்மாவுக்கு இன்று காலையில் சொன்னேன். உம்ராவில் உடுத்த வைத்திருந்த என் இஹ்ராம் துணியைக் கழுவி மடித்துக்கொண்டிருந்தாள், பயணம் நிறுத்தியது அவளுக்குத் தெரியாது. முழுவதையும் கேட்டாள். அழவில்லை. துணியை மடித்து முடித்து ஒரு பக்கம் வைத்தாள். பிறகு, "அவன் சுவரில தலைய வச்சி அழக்குள்ள நீங்க பக்கத்திலதானே இருந்தீங்க?" என்று கேட்டாள். ஓம் என்றேன். எழுந்து குசினிக்குள் போனவள் லுஹர், அஸர் தொழுகை இரண்டும் முடியும் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் இந்த மேசையில் இருந்து எழுதிக்கொண்டே இருந்தேன். இப்போதுதான் வந்து பின்னால் நிற்கிறாள். எழுதி முடித்துவிட்டீர்களா என்று கேட்டாள். உனக்கு எழுத அவளுக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். கடிதத்தைக் கையில் எடுத்தாள், வாசிக்கவில்லை, எத்தனை தாள் என்று மட்டும் விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டு மறுகா இதத் திறக்கட்டும் எண்டு உறைக்கு மேல பெரிசா எழுதுங்க" என்றாள்.